சத்தம் குறைக்கும் பொத்தான்

ரீவியின் அடியில் பச்சைக் கோடுகள் வரிசையாகத் தோன்றி, வலக்கரையிலிருந்து ஒவ்வொன்றாக அணைந்தன. சறோஜினிதேவி சுளகிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அவள் பெட்டிக்குக் கிட்டப் போகவே இல்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் திரையில் வரும் கோடுகள் அவை. ஆனால் கூட்டவும் குறைக்கவும் அந்த வீட்டில் இப்போது வேலை செய்கிற றிமோட் இல்லை. கோடுகள்தான் குறைந்தனவே தவிர, ரீவியின் சத்தம் குறையவுமில்லை. செய்தி வாசிக்கிற பெண் முன்போலவே முழங்கிக்கொண்டிருந்தாள்.

தீவுக் கிராமமான சரவணையில் பின்னேரமானால் கரண்ட் ஏறி இறங்குவது புதுமையில்லை. அதுதானாக்கும் என்று நினைத்துக்கொண்டு மறுபடி சுளகைப் புடைத்தாள். இருந்தாலும் வீட்டுக்குள் ஏதோ ஒரு சத்தம் தேய்ந்துபோன மாதிரிப் பட்டது. செய்திக்காரி மூச்சு வாங்குகிற இடைவெளிகளில் வேலியோலையின் சரசரப்பு இருந்தது. கிணற்றடியில் வாளி இடிபடுவது கேட்டது. தென்னைகளுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டுதான் இருந்தது. பிறகு எதுதான் குறைந்தது?

அறைக்குள் அவளுடைய புருசன் தியாகலிங்கம் படுத்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியார், சின்ன வயதிலிருந்தே மூச்சு முட்டு வருத்தம். அவருடைய நெஞ்சுக்குள்ளிருந்து எழும் இழுப்புச் சத்தம், எண்ணெய் காணாத கதவு திறந்து மூடுவது போல, கலியாணம் கட்டிய நாள்தொட்டு அவளுடைய காதில் இருக்கிறது. அதைக் கேட்டபடிதான் அவள் சமைப்பாள், அதைக் கேட்டபடிதான் கண்ணயர்வாள். அந்தச் சத்தம் கேட்டால் மனுசன் இருக்கிறார். கேட்காவிட்டால் என்ற இடத்துக்கு அவள் தன் நினைப்பைப் போகவிடுவதே இல்லை.

“இஞ்சருங்கோ, முட்டு எப்பிடிக் கிடக்கு?”

“கொஞ்சம் குறைஞ்சமாதிரி இருக்கு,” என்றார் அவர். குரல் தூரத்திலிருந்து வருவது போல மெலிந்திருந்தது.

பிள்ளையாரே, குறைந்தால் போதும் என்று அவள் மனதுக்குள் கும்பிட்டாள். பாவி, அதற்குப் போய்க் கும்பிட்டாள்.

அந்த இழுப்பு மாமனார் மார்க்கண்டருக்குப் பிடிக்காது. சறோஜினிதேவியின் தம்பி அரியநாயகம் ஜேர்மனியிலிருந்து வாங்கி அனுப்பிய ரீவி, வந்த அன்றே மார்க்கண்டரின் சொத்தாகிவிட்டது. றிமோட் எந்நேரமும் வேட்டி மடியில். பெட்டியிலிருக்கும் பொத்தான்களை வேறு யாராவது அமத்திவிடுவார்கள் என்று அவற்றின் மூடியைப் பசை போட்டு ஒட்டிவைத்த மனுசன் அவர். சாய்மனைக் கதிரையில் சரிந்து, சுருட்டைப் பத்தவைத்து, ஊருக்கே கேட்கிற சத்தத்தில் ரீவியைப் போட்டுவிட்டு இருப்பார். மகன் அறைக்குள் இழுக்கத் தொடங்கினால் றிமோட்டை ரீவிக்கு நீட்டமாட்டார், அறை வாசலுக்கு நீட்டுவார். சத்தம் குறைக்கும் பொத்தானை அமத்து அமத்தென்று அமத்துவார். வெட்கத்தில் தியாகலிங்கம் தலையணையால் வாயைப் பொத்திக்கொள்வார். உடனே கிழவர், “இப்பத்தான் வடிவாக் கேக்குது,” என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். பெற்ற பிள்ளையோடு விடுகிற பகிடியா இது?

கிழவர் செத்து இன்னும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழியவில்லை. பிரேதத்தைப் பெட்டியில் வைத்தபோது, கிழவருக்கு விருப்பமானதையெல்லாம் கூட வைத்து அனுப்ப வேண்டும் என்று இனசனம் சொன்னது. வெற்றிலைத் தட்டம் வைத்தார்கள், சுருட்டுக்கட்டு வைத்தார்கள். றிமோட்டை வைத்தது சறோஜினிதேவி. விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து உள்ளங்கையில் வைத்து மூடினாள். மருமகளின் பாசத்தைப் பார் என்று எல்லாரும் மெச்சினார்கள். கொண்டு தொலை என்றுதான் வைத்தாள். சுடலையில் பற்றரி வெடித்த சத்தம் கேட்டதாகத் தியாகலிங்கம் வந்து சொன்னார். மறுநாள் சாம்பல் அள்ளப் போனவர்களுக்கு உருகின கட்டிகூட அகப்படவில்லை.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. பிளக்கைச் செருகினால் ரீவி எரியும், கிழவர் விட்டுப்போன அதே கத்தலில். குறைக்க வழியில்லை, செய்தி கேட்பதென்றால் அந்தக் கத்தலோடுதான். அரியநாயகம் எந்தக் கொம்பனி ரீவிக்கும் சரிவருகிற புது றிமோட் ஒன்றை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டான். கூட வந்த தாளில் முழுக்க ஜேர்மன் எழுத்து. அவள் யாழ்ப்பாணம் போய், போன் எடுத்துக் கேட்டாள். தேடுகிற பொத்தானைச் சிவப்பு லைற் எரியும்வரை அமத்திப்பிடிக்க வேண்டும். பிறகு ரீவிக்கு நேரே நீட்டி மேல் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமத்த வேண்டும். ஒவ்வொரு அமத்தலுக்கும் ஒவ்வொரு கொம்பனியின் இலக்கம் போகும். எந்த இலக்கத்துக்கு ரீவி அணைகிறதோ, அந்த இடத்தில் நிறுத்திப் பூட்டுப் பொத்தானை அமத்திவிட வேண்டும்.

“அதோட அது பழைய றிமோட்டேதான், அக்கா. ஒரு வித்தியாசமும் இராது,” என்று சொன்னான் தம்பி.

இன்றைக்குக் கடையடைப்பு. புதுப் பற்றரி வாங்க ஏலாது. சின்ன ரோச் லைற்றிலிருந்து கழற்றிய பழைய பற்றரிகளை அவள் பகல் முழுக்கக் கிணற்றுக்கட்டில் வெயிலில் காயவைத்திருந்தாள். செத்த பற்றரிக்கு வெயில் திரும்ப உயிர் கொடுக்கும். தீவில் எல்லார் வீட்டிலும் செய்கிற வேலைதான். கனநேரம் நில்லாது, அவ்வளவுதான்.

பற்றரியை எடுக்கப் போனபோது, நல்ல தண்ணீர் அள்ள வந்த பக்கத்து வளவு ஞானசவுந்தரி குடத்தை இடுப்பில் வைத்தபடி வீட்டுப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள்.

“மாஸ்ரர் சுருட்டுப் பத்தத் தொடங்கிட்டாரோ, சறோக்கா? முட்டோட உது கூடாதெல்லே?”

“இஞ்ச ஆரும் பத்துறேல்லை.”

ஞானசவுந்தரியின் பார்வை சறோஜினிதேவியைத் தாண்டி, திறந்த கதவுக்குள், சாய்மனைக் கதிரை கிடந்த மூலைக்குப் போய்த் திரும்பியது. குடத்துத் தண்ணீர் தளும்பச் சிலுவை போட்டுக்கொண்டு படலையைத் திறந்து விறுவிறென்று போய்விட்டாள்.

உள்ளே வந்தபோது சறோஜினிதேவிக்கும் மணத்தது. கதிரையின் சீலையில் ஊறிப்போன பழைய மணமாக இருக்கும். தோய்க்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, பொழுது மங்கி, மேற்குச் சன்னலால் வந்த செம்மஞ்சள் வெளிச்சம் சுவரில் ஏறி மார்க்கண்டரின் படத்தையும் அதன் முன்னால் எரிந்த விளக்கையும் தொட்டுவிட்டு மெல்ல வடிந்துகொண்டிருந்த அந்த ஹோலின் நடுவில், கதிரைக்கு முதுகைக் காட்டியபடி நின்று, சூடு ஆறாத பற்றரிகளைப் புது றிமோட்டுக்குள் போட்டாள். சிவப்பு லைற் எரிந்தது. அவளுக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

அமத்தினாள். ஒன்றுமில்லை. அமத்தினாள். ரீவி கத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அமத்தலுக்கும் சிவப்பு லைற் ஒருதரம் கண் சிமிட்டியது. இடையில் பச்சைக் கோடுகள் தாமாகத் தோன்றி, இரண்டு மூன்று அணைந்து, மறைந்தன. இது ஏதோ ஒரு இலக்கம் பிடித்ததாக்கும் என்று அவள் இன்னும் வேகமாக அமத்தினாள். பெருவிரல் நோவெடுத்தது.

ரீவி அணைந்தது.

தம்பி சொன்னபடி உடனே பூட்டுப் பொத்தானை அமத்தினாள். என்ன அமைதி! இத்தனை நாளுக்குப் பிறகு வீடு வீடாக இருந்தது. வேலியோலை, கடல், எங்கோ ஒரு காகம். அவள் மூச்சை இழுத்துவிட்டாள். ஒன்றைக் காணவில்லை என்று காதுதான் முதலில் சொன்னது.

இழுப்பு இல்லை.

ஓடினாள். தியாகலிங்கம் கட்டிலின் விளிம்பில் எழும்பி இருந்தார். வாய் திறந்திருந்தது. ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது. நெஞ்சு அசையவில்லை. கண்கள் மட்டும் அவளைப் பார்த்துக் கெஞ்சின. அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள், முதுகைத் தடவினாள், பேரைச் சொல்லக் கூடாது என்பதையும் மறந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கையில் இருந்த றிமோட் எங்கே அமத்துப்பட்டதோ தெரியாது. ஹோலில் ரீவி முழங்கத் தொடங்கியது. அதே கணத்தில் அவருடைய நெஞ்சு விம்மி, அந்தக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

“என்ன செய்தனீர்?” என்றார் அவர், இழுத்து இழுத்து. “மூச்சு அப்பிடியே நிண்டுபோச்சு.”

அவளுக்கு விளங்கிவிட்டது. அறை வாசலுக்கு வந்தாள், அங்கிருந்தே திரை தெரிந்தது. அங்கே பச்சைக் கோடுகள் வந்திருந்தன. கடைசிக் கோடு அணைந்தது. அவளுடைய முதுகுக்குப் பின்னால் இழுப்பு ஒரு பிடி இறங்கியது. இன்னொரு கோடு. இன்னும் ஒரு பிடி.

அவள் ஹோலுக்குப் பாய்ந்து றிமோட்டை நீட்டிச் சத்தம் கூட்டும் பொத்தானை அமத்தினாள். கோடு ஏறியது. ரீவியின் சத்தம் அப்படியே நிற்க, அறைக்குள் இழுப்பு ஓங்கியது. அழகான சத்தம் அது. அதைப்போல ஒரு சங்கீதத்தை அவள் கேட்டதில்லை.

விரலை எடுத்தாள். கோடு இறங்கியது. அவசரமில்லாமல். ஒன்று. பிறகு ஒன்று. பகிடி விடுகிற மாதிரி.

பிளக்கைப் பிடுங்கு என்றது மனம். குனிந்து பாதி இழுத்தாள். நெருப்புப் பொறி பறந்து படம் கலங்கியது. அறைக்குள் மூச்சு அறுந்து விக்கியது. ஐயோ என்று திரும்பத் தள்ளிச் செருகினாள். ஞானசவுந்தரியைக் கூப்பிட்டாள். ரீவியின் முழக்கத்தில் அவளுடைய குரல் வேலியைத் தாண்டவில்லை. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு என்றாலும் பொழுதுபட்டபின் ஆமிக்காரர் பண்ணைப் பாலத்தைத் தாண்ட விடமாட்டார்கள். அதுவும், இந்தப் பொத்தானை விட்டுவிட்டு எப்படிப் போவது?

அமத்தினாள். ஏறியது. இறங்கியது. அமத்தினாள்.

“மாமா, விடுங்கோ. உங்கட பிள்ளை எல்லே,” என்று அழுதாள். “றிமோட்டைக் கையில நான்தான் வைச்சனான். கோவமெண்டால் என்னோட கோவியுங்கோ.”

சுருட்டு மணம் கனத்தது. பின்னால் சாய்மனைக் கதிரையின் மரம் ஒருதரம் முனகியது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் றிமோட் விலகும். சிவப்பு லைற் இப்போது முன்னைப்போல எரியவில்லை. மங்கிய சிவப்பு. ஒவ்வொரு அமத்தலுக்கும் இன்னும் மங்கல். வெயில் கொடுத்த உயிர் முடிந்துகொண்டிருந்தது. பற்றரியைக் கழற்றி உள்ளங்கையில் அடித்தாள். பிடரியில் தேய்த்துச் சூடாக்கினாள். போட்டாள். அமத்தினாள்.

ஒரே ஒரு கோடு ஏறியது.

செய்தி முடிந்து, பெட்டி அணையாமலே திரை கறுத்து, சத்தமும் ஓய்ந்தது. கறுத்த கண்ணாடியில் ஹோல் முழுக்கத் தெரிந்தது. விளக்கு. அவள். அவளுக்குப் பின்னால் கதிரை. அதன் சீலை பாரத்தில் தாழ்ந்து தொங்கியது. அதிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. கரிக்கட்டைக் கை. அதன் முனையில் உருகி வழிந்த ஏதோ ஒன்று, தணல் போலச் சிவந்து. அது ரீவிக்கு நீட்டப்படவில்லை. அறை வாசலுக்கு நீட்டப்பட்டிருந்தது.

அவளுடைய கையில் இருந்த லைற் அணைந்தது.

அமத்தினாள். அமத்தினாள். அமத்தினாள்.

அங்கே தணல் சிமிட்டியது. கோடு ஒன்று அணைந்தது. இழுப்பு மெலிந்தது. தணல் சிமிட்டியது. கடைசிக் கோடு நடுங்கி நின்றது. அறைக்குள்ளிருந்து “சறோ” என்று ஒரு சொல் வந்தது, பாதிக்குமேல் சத்தமில்லை. தணல் சிமிட்டியது.

திரையில் கோடு இல்லை. வீட்டில் இழுப்பு இல்லை.

“இப்பத்தான் வடிவாக் கேக்குது,” என்றது கதிரை.

சறோஜினிதேவி நின்ற இடத்திலேயே நின்றாள். வீட்டுக்குள் இன்னும் ஒரு சத்தம் மிச்சம் இருந்தது. அது தன்னுடைய மூச்சு, மேலும் கீழுமாக இரைக்கிற தன்னுடைய மூச்சு என்று அவளுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கறுத்த கண்ணாடியில் அந்தக் கை அறை வாசலை விட்டு மெல்லத் திரும்பி, அவளுடைய முதுகுக்கு நேரே வந்து நின்றது. திரையின் அடியில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, பச்சைக் கோடுகள் மறுபடியும் நிறைந்து எரிந்தன.