இரும்புக் கூட்டில் நுழையாத பைகள்

"என் மருமகளுக்கு வேலை போகப்போகுதுங்க. ஷிஃப்ட் முடிஞ்சதும் விசாரணையாம். அவ ஒரு தப்பும் பண்ணலை."

காலை நேரத்தில் விமான நிலையத்தின் தொலைந்த பொருள் அறைக்குள் நுழைந்த அந்த அம்மாள், வணக்கம்கூடச் சொல்லாமல் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

அறையின் பொறுப்பாளரை எல்லோரும் நிதானம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். விமானத்தையே தொலைத்துவிட்டு ஒருவர் வந்து நின்றாலும், "என்ன நிறம்?" என்று கேட்டுவிட்டு உட்காரச் சொல்வார். அவருடைய கணவர் நேரெதிர். வாசலில் டாக்ஸி ஓட்டுபவர். சவாரி இல்லாத நேரமெல்லாம் மனைவியின் அறையில்தான் கிடப்பார். யாரோ மறந்துவிட்டுப் போன குடைக்குக்கூடக் குற்றவாளியைத் தேடுவார். இப்போது நிஜமாகவே ஒரு வழக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாளின் எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். மருமகள் மலிவு டிக்கெட் விமான நிறுவனம் ஒன்றில் கேட் பணியாளர். பயணிகள் கையில் கொண்டுபோகும் பை ஓர் இரும்புக் கூட்டுக்குள் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் தனிக் கட்டணம் கட்டிச் சரக்கில் போட வேண்டும். முன்னால் கவுண்டரில் ஒரு கூடு, பாதுகாப்புச் சோதனை தாண்டி உள்ளே கேட்டில் ஒரு கூடு.

"கவுண்டர்ல லட்டு மாதிரி நுழையற பை, கேட்டுக்குப் போனா நுழைய மாட்டேங்குதாம். அதுவும் என் மருமக டியூட்டியில மட்டும்தான். மத்தியான ஷிஃப்ட் பையனுக்கு ஒரு தகராறும் இல்லை. இவதான் வேணும்னே மடக்கறாளாம்."

"கேட்ல இருக்கற கூட்டை யாரோ நெளிச்சுட்டாங்க!" டாக்ஸிக்காரர் தொடையில் தட்டினார்.

"மேனேஜரே டேப் வச்சு அளந்துட்டாருங்க. ரெண்டும் ஒரே அளவுதான்."

"அப்போ ஸ்கேனர்கிட்ட யாரோ பைக்குள்ள எதையோ திணிக்கறாங்க!"

"அத்தனை பேர் பையிலயுமா?" என்றார் நிதானம்மா, அவர் பக்கம் திரும்பாமலே. பிறகு அம்மாளிடம், "உங்க மருமக எப்படிப்பட்டவ?"

"வாயைத் திறந்தா அதட்டல்தான். என்னையும் விடமாட்டா. அன்பா ஒரு வார்த்தை பேசுவாளான்னு நானும் வருஷக்கணக்கா பார்க்கறேன். ஆனா மனசுல வஞ்சம் கிடையாதுங்க. அநியாயமா ஒருத்தரை மடக்கமாட்டா."

இவ்வளவு குறையையும் சொல்லிவிட்டு அதே மூச்சில் மருமகளுக்காகக் கண் கலங்குகிற மாமியாரை டாக்ஸிக்காரருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எப்படியாவது இந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று அவருக்குப் பரபரத்தது.

அம்மாள் தன் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். கோபக்காரப் பயணி ஒருவர் எடுத்துப் பரப்பியது. நீலப் பை கூட்டின் வாயில் சிக்கியிருந்தது. அதன் ஜிப்பிலிருந்து ஒரு சட்டைக்கை வெளியே தொங்கியது. மருமகள், "அமுக்காதீங்க சார், கிழிஞ்சுடும்!" என்று அதட்டினாள். பின்னால், மஞ்சள் கால் வைத்த நீளமான ஸ்டீல் பெஞ்சில் வயதான தம்பதி ஒன்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

நிதானம்மா அதை இரண்டு தடவை பார்த்தார். பிறகு எழுந்துபோய், அன்று காலை வந்த பொருள்களின் தொட்டியை மேஜையில் கவிழ்த்தார். ஒற்றைச் சாக்ஸ், சார்ஜர், கண்ணாடிக் கூடு, சீப்பு, பெல்ட், இன்னொரு ஒற்றைச் சாக்ஸ்.

"எல்லாம் எங்க கிடைச்சதுன்னு பாருங்க."

டாக்ஸிக்காரர் பொருள்களில் கட்டியிருந்த சீட்டுகளைப் புரட்டினார். "எல்லாமே சோதனை முடிஞ்சு வெளிய வர்ற இடம்."

"நேத்து உங்க மருமகளுக்கு லீவா?"

"ஆமா! எப்படித் தெரியும்?"

நேற்றுக் காலைத் தொட்டியில் ஒரே ஒரு குடைதான் கிடந்தது. நிதானம்மா பாஸை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். டாக்ஸிக்காரருக்குப் பாஸ் கிடையாது. மனைவி திரும்பி வரும்வரை அந்தப் பாவி மனிதர் சாக்ஸை முகர்ந்து பார்க்காத குறைதான்.

"என்னம்மா பார்த்தே?"

"ஒண்ணுமில்லைங்க. ஸ்கேனரைத் தாண்டி வெறும் தரை. அதைத்தான் பார்க்கப் போனேன்."

இப்படிப் பேசினால் எந்தக் கணவனுக்குத்தான் எரிச்சல் வராது! ஆனாலும் அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் முடிச்சை அவிழ்த்துவிட்டாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

ஷிஃப்ட் முடிந்ததும் மேனேஜரும் மருமகளும் அந்த அறைக்கே வந்தார்கள். கவுண்டரில் இருந்த கூட்டையும் நிதானம்மா வரவழைத்திருந்தார். மாமியார் கதவோரம் நின்றுகொண்டார்.

"என்னங்க, இந்தப் பையை அடுக்குங்க," என்று உரிமையாளர் வராத பை ஒன்றை நிதானம்மா கணவரிடம் கொடுத்தார்.

டிக்கியில் சாமான் அடுக்கியே பழகிய கை. மேஜையில் பரப்பி, மடித்து, அழகாக அடுக்கினார். பை கூட்டுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

"இப்போ சோதனை. கோட்டு, லேப்டாப், பெல்ட் எல்லாத்தையும் எடுத்து ட்ரேயில போடுங்க. ஆச்சா? இப்ப மறுபடியும் அடுக்குங்க. மேஜை கிடையாது."

"பின்ன எங்க வச்சு அடுக்கறது?"

"அது உங்க பாடு. பின்னாடி ஒரு ஊரே நிக்குது. நகருங்க சார், நகருங்க!"

டாக்ஸிக்காரர் ஒற்றைக்காலில் நின்று முழங்காலில் பையை வைத்துக்கொண்டு கையில் கிடைத்ததையெல்லாம் திணித்தார். கோட்டு சுருண்டு உள்ளே போனது. சாக்ஸ் ஒன்று கீழே விழுந்ததை அவர் கவனிக்கவே இல்லை. ஜிப் பாதியில் பல்லைக் காட்டியது. கூட்டில் வைத்தால் பை வாயிலேயே நின்றுவிட்டது.

"அதே பை, அதே சாமான்," என்றார் நிதானம்மா.

மேனேஜர் விடவில்லை. "சோதனை எல்லா ஷிஃப்ட்டுக்கும் உண்டே?"

"உண்டு. ஆனா மத்த நேரத்துல அங்க ஒரு நீள பெஞ்ச் இருக்கு. அதுல பரப்பி நிதானமா மடிச்சுக்கறாங்க. காலையில மட்டும் அது அங்க இல்லை." வீடியோவை ஓடவிட்டு, தம்பதி இருந்த இடத்தில் நிறுத்தினார். "மஞ்சள் கால் போட்ட பெஞ்ச் சோதனைப் பகுதியில மட்டும்தான் உண்டு. இது எப்படிக் கேட்டுக்கு வந்தது?"

மருமகளின் முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான் மேடம் இழுத்துட்டுப் போவேன். காலையில நான் வர்றப்போ சும்மா கிடக்கும். மத்தியானம் துடைக்க வர்றவங்க திருப்பித் தள்ளிடுவாங்க." உப்பிய பையைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ பயணிங்க பையெல்லாம் உப்பினதுக்கு நான்தான் காரணமா? எத்தனை பேர்கிட்ட கத்தியிருக்கேன்!"

மேனேஜர் பையைக் கூட்டிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். "விசாரணை முடிஞ்சது. நீ நாளைக்கு வழக்கம்போல வா. பெஞ்ச் சோதனைப் பகுதியிலயே இருக்கட்டும், கேட்டுக்கு நாற்காலி நான் கேட்டு வாங்கறேன்." பிறகு தாங்க முடியாமல் கேட்டார். "அவ்வளவு தூரம் அதை எதுக்கும்மா இழுத்தே?"

"வயசானவங்க வரிசையில நிப்பாங்க சார். வலிக்குதுன்னு வாயைத் திறக்க மாட்டாங்க. காலை மாத்தி மாத்தி வச்சுப்பாங்க. வீட்ல எங்க அத்தை அப்படித்தான் நிப்பாங்க. யார் அப்படி நின்னாலும் எனக்கு அத்தை நிக்கற மாதிரியே இருக்கும். பார்த்துட்டு எப்படி சார் சும்மா இருக்கறது?"

டாக்ஸிக்காரர் குனிந்து, கீழே விழுந்த சாக்ஸை வெகுநேரம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இதை வீட்ல ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமேடி," என்றார் மாமியார், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

மருமகள் சட்டென்று திரும்பினாள். "இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? நீங்க எதுக்கு இவ்வளவு நேரமா அங்க நின்னுட்டிருக்கீங்க? உட்காருங்க முதல்ல!"

அறையே அதிரும்படி அதட்டினாள். மாமியார் ஆனந்தமாக உட்கார்ந்தார்.