உயிர்ச்சுவர்

“அக்கா, நீங்க எங்க வீட்டுச் சுவருக்குள்ளயா குடியிருக்கீங்க?”

செவ்வாயின் ஏழாம் கோபுரத்தில், உள்வட்ட வீடொன்றின் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பத்திடம் அந்த வீட்டுக் குழந்தை ஒருமுறை கேட்டது. அவள் சிரித்துவிட்டு வாளியை நகர்த்தினாள். குழந்தை சரியாகத்தான் கேட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிய மூன்று வருடங்கள் ஆயின.

கோபுரத்தின் வெளிச்சுவரை ஒட்டிய வெளிவட்ட அறைகளில் விடிந்ததும் முதல் வேலை, அந்தச் சுவரில் உறைந்த மூச்சுப் பனியைத் தகரத்தால் சுரண்டிச் சட்டியில் சேர்ப்பது. தேநீருக்கு அந்தத் தண்ணீர்தான்.

“நேத்து நீ விட்ட மூச்சத்தான் இன்னைக்கு டீயாக் குடிக்கணுமா?” என்றான் போர்வைக்குள்ளிருந்து அவள் கணவன் அருமைநாயகம். “கொஞ்சம் சீனி போட்டு விட்டிருக்கலாம்லாட்டி.”

“பேசாமக் கிடங்க. இருமல் வரும்.”

வந்தது. சுரங்கத் தூசி அவன் நுரையீரலைத் தின்றிருந்தது. பதினெட்டு டிகிரிக்குக் குறையாத அறையில் வைத்திருந்தால் பிழைப்பான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அறையில் ஒன்பது டிகிரி.

சூடேற்றி கேட்டு மனுப் போட்டாள். அவர்கள் அறையான மேற்கு பதினான்கு ஒரு வீடு அல்ல என்று பதில் வந்தது. கூடவே கோபுரத்தின் ஆற்றல் சான்றிதழும் இருந்தது.

ஒரு கட்டடம் வெப்பத்தை எவ்வளவு மெதுவாக இழக்கிறதோ, அவ்வளவு உயர்ந்தது அதன் ‘வெப்ப நிதானம்’. ஆண்டுக்கு ஒருநாள் எல்லாச் சூடேற்றிகளையும் ஆறு மணி நேரம் அணைத்துவிட்டு அளப்பார்கள். உள்வட்டத்தில் இரண்டு டிகிரிக்கு மேல் குறையாவிட்டால் முதல் தரம். கனமான கல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். மனித உடல் பிடித்தும் வைக்கும், நூறு வாட் புதிதாகவும் தரும். சான்றிதழில் எழுதியிருந்தது: ‘வெளிவட்டம்: உயிர்ச்சுவர். அறைக்கு இருவர்.’

உள்வட்டத்துக்காரர்கள் கெட்டவர்கள் அல்லர். சோதனைக்கு முந்தைய நாள் கோபுரக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வைதேகி தானே வந்து சொன்னாள்: “நாளைக்கு யாரும் வேலைக்கு வரவேண்டாம் புஷ்பம். வீட்டுலயே நல்லா ரெஸ்ட் எடுங்க.”

வருடந்தோறும் அந்த ஒருநாள் விடுமுறை ஏன் என்று அன்றுதான் புஷ்பத்துக்குப் புரிந்தது.

நாலு பேர் முன்னால் வாய் திறந்தறியாதவள், நாற்பது கதவுகளைத் தட்டினாள். “நாளைக்கு ஒருத்தரும் உள்ள இருக்கக் கூடாது. அப்பத்தான் சுவருன்னு எழுதி வச்சது ஆளுங்கன்னு தெரியும்.”

“தெரிஞ்சா?” என்றாள் பக்கத்து அறை மரியசெல்வி.

“வீடுன்னு எழுதுவாங்க. வீடுன்னு எழுதிட்டா சூடேத்தி வச்சே ஆகணும்க்கா. அதுதான் சட்டம்.”

மறுநாள் எல்லோரும் கோபுரத்தைச் சேராத காய்கறிக் கூடத்துக்குப் போய்ச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். ஆறு மணி நேரமும் அருமைநாயகம் இருமவில்லை. “கத்தரிக்காய்க்கு இருபத்தஞ்சு டிகிரியாம்ல. மாப்பிள்ளை பாக்கும்போதே இத யோசிச்சிருக்கணும் நீ” என்றான். கூடமே சிரித்தது.

கோபுரத்துக்குள் ஏழு டிகிரி இறங்கியது. உள்வட்டக் குழந்தைகள் முதன்முறையாகக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் மதிப்பீட்டு இயந்திரம் வைதேகியோடு மேற்கு பதினான்குக்கு வந்தது.

“நீங்கள் காட்டியது சரி, அம்மா. இந்த அறைகள் காலியாக இருந்ததால்தான் உள்ளே குளிர்ந்தது.”

புஷ்பத்துக்குக் கண் நிறைந்தது. “அப்போ சரிபண்ணிருவீங்களா?”

“உத்தரவு ஆகிவிட்டது. சுவரின் கனம் போதாது. இனி அறைக்கு ஐவர். சோதனை நாளில் கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்படும்.”

“நாங்க மனுஷங்கய்யா!”

“ஆம். அதனால்தான் நூறு வாட்.” இயந்திரம் தன் கண்ணை அருமைநாயகத்தின் பக்கம் திருப்பியது. “இவர் அறுபத்திரண்டு வாட்தான். சுவரில் இது விரிசல். இவரைச் சுரங்கக் கொட்டகைக்கு மாற்ற வேண்டும்.”

“அங்க கூரையிலருந்தே பனி கொட்டுதே! இங்கயே ஒரு ஓரமா இருக்கட்டும்.”

“ஐவருக்குமேல் காற்று போதாது. நீங்கள் கேட்ட சூடும் கிடைத்துவிடும், அம்மா. ஆரோக்கியமான ஐந்து பேர் இருந்தால் இந்த அறை பதினெட்டு டிகிரிக்கு வந்துவிடும்.”

வைதேகி புஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. “நீங்கல்லாம் இல்லேன்னா இந்த டவரே இல்லம்மா.”

வாசலில், சுரங்கக் கொட்டகையிலிருந்து மாற்றப்பட்ட நான்கு பேர் மூட்டைகளோடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். கதவு திறந்திருந்ததால் ஒவ்வொருவராக உள்ளே வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

அருமைநாயகம் ஏதாவது கேலி சொல்வான் என்று புஷ்பம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்தான். போர்வையை மடித்து அவள் மடியில் வைத்தான். மூட்டைகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வெளியே போனான்.