தன்னை முன்கோபி என்று நம்பியவன்

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

மனநல ஆய்வுக்கூடத்தின் வாசலில், அவள் குடையை மடக்கிய வேகத்தில் அவன் சட்டையெல்லாம் தண்ணீர். ஆனால் சண்டைக்குப் போனவள் அவள்தான்! நியாயமாகக் கத்தியிருக்க வேண்டியவன் சிரித்தான்.

"தெரியுதுங்க... அதான் அப்படியே நின்னுட்டேன்."

அடப்பாவி! மழை சொட்டும் இமைகளோடு அந்தக் கண்கள் வேறு... விறுக்கென்று உள்ளே போய்விட்டாள்.

சற்று நேரத்தில் அதே கண்கள் அவள் மேஜைக்கு எதிரே! எரிச்சலை அளக்கும் அவளுடைய ஆய்வுக்குப் பெயர் கொடுத்தவர்களில் அவனும் ஒருவனாம்.

"வீட்ல எல்லாரும் என்னை முன்கோபிங்கிறாங்க. பேசி முடிச்ச சம்பந்தமே அதனால நின்னுபோச்சு. ஒருத்தியைக் கட்டிக்கிட்டு அழ வைக்கக் கூடாது பாருங்க... நீங்களே அளந்து சொல்லிடுங்க."

கோபம் வேறு, எரிச்சல் வேறு. கோபம் வந்து போகும். எரிச்சல், சின்ன விஷயத்துக்கும் பொங்கத் தயாராய் உள்ளே கிடக்கும். அதை அளக்க ஒரு கணினி விளையாட்டு. எப்படி அழுத்தினாலும் தோற்கும்படி செய்து வைத்தது. அந்த உண்மையை முடிந்த பிறகுதான் சொல்லலாம். அதுவரை ஒவ்வொரு தோல்விக்கும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "போதாது, இன்னும் வேகமா" என்று சொல்ல வேண்டும்.

சொன்னாள். அவன் கத்தவில்லை, மேஜையைத் தட்டவில்லை. முகம் மட்டும் வாடிக்கொண்டே வந்தது. பாதியில் எழுந்துவிட்டான்.

"விடுங்க. வீட்ல சொன்னது சரிதான்... உள்ளுக்குள்ள கொதிக்குது."

யாருக்குத்தான் கொதிக்காது? ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் பாழாய்ப்போன வீம்பு... நான் போய் ஓர் ஆண்பிள்ளை பின்னால் ஓடுவதா? தானே வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். அவன் வரவில்லை. நாள் ஆக ஆக, எந்த முகத்தோடு போன் செய்வது என்றே தெரியவில்லை.

அடுத்த வருடம், மருந்துக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கியவர்களுக்கு நடுவே அவன்... கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் போனாள். விளையாட்டின் பொய்யை ஒரே மூச்சில் கொட்டினாள்.

"அன்னிக்கு யாரா இருந்தாலும் கொதிச்சிருக்கும். உங்களை மாதிரிப் பொறுமையா உட்கார்ந்தவங்க யாருமே இல்லைங்க."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அம்மா சாகற வரைக்கும், பொண்ணு பாக்கட்டுமானு கேட்டுட்டே இருந்தாங்க. நான் முன்கோபி, வேணாம்மான்னே சொல்லிட்டிருந்தேன்... இதை அப்பவே சொல்றதுக்கென்ன உங்களுக்கு?"

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களைப் பிடிச்சுப்போச்சுங்க... வாசல்லயே. அதனாலதான் பின்னாடி ஓடி வர வெக்கமா இருந்துச்சு." அவள் கண்கள் வழிந்தன. "திட்டுங்க... நல்லாத் திட்டுங்க. ஆனா இந்தத் தடவை பாதியில போயிடாதீங்க."