பின்னால் கூப்பிட்டவள்

ஆட்ரியன் புறப்பட்ட பிறகுதான் அமலி அதைப் பார்த்தாள். அவன் குனிந்து பூட்ஸை இறுக்கிய இடத்தில், அவனுடைய வாக்கி-டாக்கி ரேடியோ பனிமேல் கிடந்தது.

கூப்பிட வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். கிளம்புகிற புருஷனைப் பின்னால் கூப்பிடக் கூடாது. பெரம்பூரில் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் அவள் அம்மா, இயேசுவையும் சகுனத்தையும் சண்டையில்லாமல் ஒரே வீட்டில் வைத்துக் குடித்தனம் நடத்துகிறவள். அமெரிக்கா வந்து ஆறு வருடம் ஆகியும் அந்தப் பயம் மட்டும் அமலியை விடவில்லை. ஆட்ரியன் வழக்கம்போல் சிலுவை போட்டுக்கொண்டு ஸ்கீயில் சறுக்கியபடி சரிவில் இறங்கினான். புடைத்து நின்ற பனிமேட்டைத் தாண்டி மறைந்தான்.

எல் நினோவால் பனி அதிகம் பெய்த வருடத்து ஜூன் மாதம். சான்ட்டா கிளாராவிலிருந்து ஐந்து மணி நேரம் டிரைவ் பண்ணி வந்து, ஷாஸ்தா மலையின் வடக்குச் சுவர் உச்சியில் நின்றிருந்தார்கள். சீசன் முடியப்போகிற பனி. இரவெல்லாம் மேகம் மூடிக் கிடந்ததால் அது சரியாக இறுகவில்லை. மேலே பாலாடை போல ஓர் ஓடு, அடியில் நனைந்த ரவை. வெயில் ஏறினால் மொத்தச் சரிவும் கழன்று வந்துவிடும். மேட்டுக்குக் கீழே சுவரின் குறுக்கே ஒரு பெரிய பிளவு. நடுவில் அதை மெல்லிய பனி மூடியிருந்ததால் பார்த்தால் தெரியாது. வலது ஓரம், கறுப்புப் பாறையை ஒட்டி மட்டுமே தாண்டலாம். ஆட்ரியன் முதலில் பாறையடிக்குப் போய் ரேடியோவில் சொல்ல வேண்டும், அப்புறம் அமலி இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இப்போது எதில் சொல்வான்? அமலி அவன் ரேடியோவை எடுத்துத் தன் இடது பையில் போட்டுக்கொண்டாள். கீழிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. அதில் ஈரக்கல் வாடை. பனியோட்டுக்கு அடியில் எங்கோ தண்ணீர் கசிந்து ஓடும் சத்தம், பக்கத்து அறையில் யாரோ ரகசியம் பேசுவதுபோல விட்டுவிட்டுக் கேட்டது.

வலது பையில் அவளுடைய ரேடியோ கரகரத்தது.

"அமலி, வா. ஸ்னோ சூப்பரா இருக்கு."

அப்பாடா என்றிருந்தது. பதில் சொல்ல ரேடியோவை எடுத்தவளின் விரல் பொத்தான்மேலேயே நின்றுவிட்டது. அவன் ரேடியோதான் இங்கே இருக்கிறதே!

"ரைட்ல வேணாம். நேரா நடுவுல வா."

இம்முறை குரல் கையிலிருந்தும் இடது பையிலிருந்தும் சேர்ந்தே வந்தது.

வேறு யாரோ இதே சேனலில் விளையாடுகிறார்களா? இந்த மலையில், தமிழில், அவள் பெயரைச் சொல்லியா? அமலி இரண்டையும் காதருகே வைத்துக் கேட்டாள். ஆட்ரியனின் குரலேதான். ஆனால் அதன் பின்னால் காற்று இல்லை. மூச்சும் இல்லை. ஆழக் கிணற்றில் விழுவதுபோல ஒரு சொட்டுச் சத்தம் மட்டும்.

"யாரு நீங்க?" என்றாள்.

சற்று நேரம் சொட்டுச் சத்தம். பிறகு, "நான்தாம்மா."

ஆட்ரியன் அவளை ஒருநாளும் அம்மா போட்டுப் பேசியதில்லை.

இரண்டையும் ஆஃப் பண்ணிப் பைகளில் போட்டாள். ஆட்ரியன் பிளவுக்குள் விழுந்து கிடக்கிறானோ? ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் ரேடியோவை எடுத்துப் போயிருப்பான். பாழாய்ப்போன சகுனம்! இங்கேயே நின்றால் வெயில் வந்துவிடும். குரல் சொன்ன நடுவழியை விட்டு, வலது ஓரமாக, ஸ்கீயைக் குறுக்கே வைத்து அங்குலம் அங்குலமாகச் சறுக்கி இறங்கினாள். அணைத்து வைத்த ரேடியோக்கள் பைக்குள் சொட்டுச் சொட்டென்றன. அவள் குனிந்து பார்க்கவில்லை.

மேட்டின் விளிம்பில் நின்று கீழே பார்த்தாள்.

பிளவுக்கு அந்தப் பக்கம், பாறையடியில் ஆட்ரியன். சிவப்பு ஜாக்கெட். உயிரோடு, முழுசாக, கூப்பிடு தூரத்தில். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவனும் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

அப்போது அவளுக்குப் பின்னால், மேலேயிருந்து, ஒரு குரல் கேட்டது.

"ஆட்ரியன், கொஞ்சம் நில்லுங்க!"

அவள் விழுங்கிய வார்த்தை. அவளுடைய குரலில்.

"கால் மாட்டிக்கிச்சு. ப்ளீஸ், நேரா மேல வாங்க. சீக்கிரம்!"

ஆட்ரியனின் கை பாதியில் நின்றது. பதறி ஸ்கீயைக் கழற்றினான்.

"வராதீங்க!" அமலி கத்தினாள். "அது நான் இல்ல! நடுவுல ஸ்னோ தாங்காது! நான் இங்க இருக்கேன்!"

"ஐயோ, அதை நம்பாதீங்க," என்றது மேலே இருந்த குரல். அழுதது. அமலி அழுவது போலவே.

ஆட்ரியன் நிமிர்ந்தான். அமலியைப் பார்த்தான். பிறகு அவள் தலைக்கு மேலே பார்த்தான். அங்கே எதையோ கண்டு அவன் முகம் தெளிந்தது. மறுபடி அமலியைப் பார்த்தான். சற்று முன் அவள் ரேடியோவைப் பார்த்த அதே பார்வை.

"ஆட்ரியன்! நான்தாங்க!"

அவன் ஓரடி பின்வாங்கினான். அவளைப் பார்த்தபடியே சிலுவை போட்டுக்கொண்டான்.

அவளைச் சுற்றிக்கொண்டு விலகி, நடுப்பனியை நோக்கி நடந்தான். ஓடு நொறுங்கியது. அடுத்த அடி. அவன் காலடியில் பனி மெல்லத் தொய்ந்தது. அவன் கீழே பார்க்கவில்லை. அமலியின் தலைக்கு மேலே நிற்பவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, இரண்டு கைகளையும் நீட்டியபடி வந்துகொண்டிருந்தான்.

மேலேயிருந்து அமலியின் பின்னங்கழுத்தில் குளிர்ந்த சொட்டு ஒன்று விழுந்தது.