நீலத் துணி கட்டிய நிரை

பிள்ளை பெற்று மூன்று மாதம் கழித்து அன்றுதான் வேலைக்குப் போனேன். ஜோஸின் ஜீப் எங்களை மேல்காட்டில் இறக்கிவிட்டது. ஏலக்காய்க்கு விலை ஏறியதிலிருந்து சக்குபள்ளம் பக்கத்தில் காப்பியை யாரும் சீண்டுவதில்லை. எல்லையோரத்து இந்தச் சரிவில் மட்டும் காற்றுக்கு ஏலச்செடி நிற்காது. அதனால் காப்பி பிழைத்துக் கிடந்தது. பறிக்க ஆளில்லாமல் பழமெல்லாம் கறுத்துக்கொண்டிருந்தது.

"பாப்பாவ யாருடி பாக்குறா?" என்றாள் கூட வந்த செபமாலையம்மாள்.

"அத்தைதான். சாயங்கால ஜீப்ப விட்றக் கூடாதுக்கா. புட்டிப்பால வாயிலயே வைக்க மாட்டேங்குறா."

"கற்பகம், நீ பெத்தது வேற எப்பிடி இருக்கும்?"

எங்கள் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடி. சோறு தின்னப் போகும்போது, பறித்து நிறுத்திய செடியில் ஒரு சேலைக் கிழிசலைக் கட்டிவிட்டுப் போவோம். இது என்னுடையது, திரும்பி வருவேன் என்று அர்த்தம். கட்டியவள்தான் அதை அவிழ்க்க வேண்டும். குழாயடியில் மயிரைப் பிடித்துக்கொள்கிறவர்கள்கூட இந்த ஒன்றில் யோக்கியமாக இருப்பார்கள்.

சோறு தின்று எழுந்தபோது மஞ்சு இறங்கிவிட்டது. அந்த மூடுபனியில் பக்கத்துச் செடி தெரியவில்லை. தடவிக்கொண்டே போய், நீலத் துணியைக் கண்டதும் நான் கட்டியதுதான் என்று அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு பறிக்க ஆரம்பித்தேன்.

பழம் கொத்துக் கொத்தாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இடுப்பில் ஈரம் உறைத்தது. புளித்த காப்பித் தோலின் நாற்றம். துணியை எடுத்துப் பார்த்தேன். நைந்து, பாசி பிடித்திருந்தது.

நான் கட்டியது காலையில் கிழித்த துணி.

அதற்குள் சாயங்கால ஜீப் வந்துவிட்டதுபோல், கீழே ஜோஸ் ஹாரன் அடித்தான். சாக்கைப் போட்டுவிட்டுச் சத்தம் வந்த பக்கம் நடந்தேன். நடந்துகொண்டே இருந்தேன். நிரை முடியவில்லை. இரண்டு பக்கமும் கிளைகள் பின்னிக் கிடந்து ஆளை வெளியே விடவில்லை. ஹாரன் சத்தம் கிட்டவும் வரவில்லை, தள்ளியும் போகவில்லை. ரவிக்கை பாலில் நனைந்துவிட்டது. பிள்ளை பசியில் வீறிடுமே என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டியது.

"செபமாலக்கா!"



பக்கத்து நிரையில் பழம் உருவும் சத்தம் மட்டும் கேட்டது. சர்ர்... சர்ர்...

"அக்கா?"

சத்தம் நின்றது.

"என் துணிய யாருடி அவுத்தது?"

குரல் காதோரம் கேட்டது. இலைகளுக்கு நடுவே, கறை ஏறிக் கறுத்த விரல்கள் தெரிந்தன. அவ்வளவுதான் தெரிந்தது.

"மஞ்சுல தெரியலக்கா," என்றேன். "என்னைய விட்ருங்க. பால் கட்டி நெஞ்சு வலிக்குது. வீட்ல கைப்புள்ள கெடக்கு."

"என்ன புள்ள?"

அந்தக் கேள்வியில் ஒரு கனிவு இருந்தது. அதில் ஏமாந்துதான் சொல்லித் தொலைத்தேன்.

"பொம்பளப் புள்ள."

"எங்க கெடக்கா?"

"லயத்துல. கடைசி வீடு. தொட்டில்ல."

விரல்கள் நீண்டன. துணியைக் கொடுத்தேன்.

கிளைகள் விலகின. எதிரிலேயே ஜீப் நின்றது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று செபமாலையம்மாள் கத்தினாள். "உன் துணி அந்தா கட்டுனபடியே கெடக்கு!"

ஜீப்பில் ஏறிக்கொண்டேன். லயத்து வீட்டு வரிசையில் ஜீப் நிற்பதற்கு முன்பே குதித்து வீட்டுக்கு ஓடினேன்.

மாமியார் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "மெல்ல வா. அழுது தீத்துட்டு இப்பத்தான் அடங்குனா."

பிள்ளையைத் தூக்கினேன். மூச்சு சீராக வந்தது. போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. மடியில் போட்டுப் பால் கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி வைத்தேன். மறுபடியும் திருப்பிக்கொண்டாள்.

அவள் வாயோரத்தில் பால் வழிந்திருந்தது.

"அத்தை, புட்டி குடிச்சாளா?"

"எங்க? தொடவே மாட்டேனுட்டா. அந்தா அப்பிடியே இருக்கு பாரு."

வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். நிறைந்திருந்தது. கன்னத்தில் புளித்த காப்பித் தோலின் வாசம்.

தொட்டில் கயிற்றில் அந்த நீலத் துணி கட்டியிருந்தது.

அது நடந்து ஒரு வாரம் ஆகிறது. துணியின் ஈரம் காயவில்லை. நான் இன்னும் அதை அவிழ்க்கவில்லை.