மிதியை விட்டுக் காலை எடுக்காதே

பத்தொன்பது நாளாக யாருமே தொடாத பேட்டரியில் சார்ஜ் நிறைந்திருந்தது.

பல்ராம் சார்ஜ் அளக்கும் கண்ணாடிக் குழாயை மறுபடியும் செல்லுக்குள் விட்டு உறிஞ்சிப் பார்த்தான். மிதவை பச்சைக் கோட்டிலேயே நின்றது. ஆறு செல்லிலும் தண்ணீர் மட்டும் ஒரு விரல் இறங்கியிருந்தது, நாள் முழுக்க ஓடிய வண்டியில் இறங்குவதைப் போல. டிஸ்டில்ட் வாட்டரை ஊற்றி மூடியைத் திருகும்போது புறங்கை எஞ்சினில் பட்டது. சூடு. அட, வெயில்தான் என்று சொல்லிக்கொண்டான். தகரக் கதவு சாத்திய ஷெட்டுக்குள், மழை பெய்யும் காலையில், எந்த வெயில் வரும்?

அது எண்பத்தேழாம் வருஷத்து நவம்பர். அந்தத் தீவு நாட்டில் இரண்டாவது ராணுவப் புரட்சியும் நடந்து முடிந்து, அந்தக் கடற்கரை ஹோட்டலில் ஈ காக்கை கிடையாது. வரதோலியில் அவன் தெருவிலேயே பாதி வீடு பூட்டிக் கிடந்தது. நாட்டை விட்டுப் போகிறவன் எல்லாம் போய்க்கொண்டே இருந்தான். ஹோட்டலில் மிச்சம் ஒரே ஒரு பெட்ரோல் கோல்ஃப் வண்டியும், அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு மெக்கானிக்கும்தான். ஒருவன் பல்ராம், இன்னொருவன் நாகையா. பிரிஸ்பேனுக்குப் போய்விட்ட முதலாளி சாப் போனில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: வாங்குகிறவர் வரும்போது வண்டி முதல் மிதியிலேயே கிளம்ப வேண்டும். கிளம்பினால் அங்கே தன் கிளப்பில் வேலை, விசாவுக்குக் கடிதம். ஒரு மெக்கானிக்குக்கு மட்டும்.

அந்த வண்டியில் மிதியை அழுத்தினால்தான் எஞ்சின் ஓடும், எஞ்சின் ஓடினால்தான் பேட்டரி ஏறும். காலை எடுத்தால் நின்றுவிடும். கிட்டத்தட்ட மூன்று வாரம் முந்தி, வாங்குகிறவர் திங்கட்கிழமை வருகிறார் என்று சனிக்கிழமை சாயங்காலம்தான் தகவல் வந்தது. ஹோட்டலுக்குக் கரண்டை வெட்டியாகிவிட்டது. பேட்டரியில் ஒரே ஒரு தடவை கிளப்புகிற உயிர்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது என்று புதுச் சட்டம் வேறு, ரோட்டில் செக்போஸ்ட். இருந்தும் மறுநாள் காலையில் நாகையாவை வண்டியில் உட்கார வைத்தான் பல்ராம்.

"ஏ நாகையா, நான் போதும்னு சொல்ற வரைக்கும் காலை எடுக்காதே. நின்னா மறுபடி கிளம்பாது."

"அச்சா அண்ணே."

பல்ராம் கதவைக் கீழே இழுத்து வெளியே பூட்டினான். சத்தம் ரோட்டுக்குக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். அப்படித்தான் அன்றைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், பாவி. பதினாலு வருஷமாக எஞ்சினோடு கிடப்பவனுக்கு மூடிய ஷெட்டில் புகை என்ன செய்யும் என்று தெரியாதா? மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றான். உள்ளேயிருந்து இரண்டு தடவை இருமிக்கொண்டே கேட்டான் நாகையா: "போதுமா அண்ணே?" இரண்டு தடவையும் ஒரே பதில்: "இன்னும் கொஞ்ச நேரம்."

கதவைத் திறந்தபோதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. செத்தவன் கால் மிதியை விடவில்லை. பல்ராம்தான் பிடுங்கி எடுத்தான். மாரடைப்பு என்றான் எல்லோரிடமும். பிரிஸ்பேனுக்கு மட்டும் தகவல் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வரவேண்டியவர் வரவில்லை. இன்றைக்குத்தான் வருகிறாராம். பல்ராம் ஷெட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கினான்.

பின்னால் எஞ்சின் கிளம்பியது.

மெல்ல, சீராக, யாரோ பாதத்தை அளவாக அழுத்தியிருப்பதுபோல. கதவடியில் நீலப் புகை கசிந்தது. கூடவே இருமல்.

"போதுமா அண்ணே?"

கோபமே இல்லாத குரல். பல்ராம் திரும்பினான். வேண்டாம், ஓடிவிடலாம் என்றது நெஞ்சு. ஆனால் அவன் காலை எடுத்துவிட்டால் பேட்டரி? பேட்டரி போனால் கடிதம்? உதட்டை நக்கிக்கொண்டு சொன்னான்.

"இன்னும் கொஞ்ச நேரம்."

"அச்சா அண்ணே."

மத்தியானம் தலைநகர் சுவாவிலிருந்து விரேந்திரா வந்தார், வண்டி வாங்குகிறவர். பல்ராம் கதவைத் திறந்தான். உள்ளே யாரும் இல்லை, எஞ்சினும் அடங்கிக் கிடந்தது. முதல் மிதியிலேயே வண்டி கிளம்பியது. அவருக்குச் சந்தோஷம். லாரி நாளைக்கு வரும் என்று சொல்லி ஒரு உறையை நீட்டினார். உள்ளே இரண்டு கடிதம்.

"இன்னொருத்தன் எங்கே? சாப் கடைசியில ரெண்டு பேருக்குமே ஏற்பாடு பண்ணிட்டாரு."

"ஊருக்குப் போயிருக்கான்" என்றான் பல்ராம். தன் வாயிலிருந்து வந்த குரலே அவனுக்கு அசிங்கமாக இருந்தது.

அவர் கார் மறைந்ததும் ஷெட்டைப் பூட்டிச் சாவியை வீசியெறிந்தான். தன் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான். பின்னால் எஞ்சின் ஓடியது. மழையையும் மீறிக் கேட்டது. இருமல். கேள்வி. மறுபடி இருமல். எவ்வளவு தூரம் போனாலும் இது கேட்டுக்கொண்டே இருக்குமோ? தாங்க முடியவில்லை அவனுக்கு. திரும்பி நின்று கத்தினான்.

"போதும்டா நாகையா! காலை எடு! போதும்!"

எஞ்சின் நின்றது.

மழை மட்டும். பிறகு சீட்டு ஸ்பிரிங் கிறீச்சிட்டது. யாரோ இறங்கும் சத்தம். பூட்டிய கதவு மெதுவாக மேலே ஏறியது.

யாரும் இல்லை.

ஈர மணலில் ஒரு பாதம் பதிந்தது. வெறுங்கால். அடுத்தது. அடுத்தது. அவசரமே இல்லை. அவன் பக்கத்தில் வந்து நின்றது.

ஓடு. ஓட முடியவில்லை.

கையில் பெட்டி லேசானது. பிடியை அவன் விரல்களிலிருந்து யாரோ பக்குவமாக, மரியாதையாக விடுவித்தார்கள்.

"ப்ளேன் எத்தனை மணிக்கு அண்ணே?"

பெட்டி மழையில் அந்தரத்தில் தொங்கியபடி ரோட்டுப் பக்கம் நாலடி போனது. நின்றது. அவன் வருவதற்காகத் திரும்பிப் பார்த்து நின்றது.