காயாத வலை

மற்ற வலைகளெல்லாம் மூன்றாம் நாளே காய்ந்து விறைத்துப் போயிருந்தன. நாற்பத்தோராம் எண் வலை மட்டும் ஒன்பதாம் நாள் காலையிலும் சொட்டிக்கொண்டிருந்தது.

இக்னாஸ் கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்தார். முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல்தான். கான் ஹொய் துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால், வாய்க்கால் கரையில் இருந்த அந்தத் தகரக் கொட்டகைக்கு அவர்தான் பொறுப்பு. சைகோன் ஆற்றின் மீன்காவல் அதிகாரி என்று கௌரவமான பெயர். மீன் சினை பிடிக்கும் மாதங்களில் திருட்டுத்தனமாக வலை போடுகிறவர்களையும், கண் சிறிய வலை வைத்திருப்பவர்களையும், நச்சுவேரை நசுக்கித் தண்ணீரில் கலக்குகிறவர்களையும் பிடிக்க வேண்டும். பிடித்த வலைக்கு ஈய முத்திரை குத்தி, எண் போட்டு, உத்தரத்தில் தொங்கவிட வேண்டும். கோர்ட்டு உத்தரவு வந்ததும் எரிக்க வேண்டும். ஈர வலை எரியாது, அதனால் அது காய்ந்தாக வேண்டும். புதுச்சேரியிலிருந்து கப்பலேறி வந்த இருபத்தொரு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தார். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இவருக்கு ஆறே புளித்துப்போயிருந்தது.

கூரையில் ஓட்டை இருக்கும் என்று நினைத்து, முழங்கால் கடகடக்க ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். ஓட்டை இல்லை. பக்கத்திலேயே தொங்கிய நாற்பதாம் எண்ணும் நாற்பத்திரண்டாம் எண்ணும் தொட்டால் முறியும் போல உலர்ந்திருந்தன. நடுவில் இது மட்டும் கறுத்துக் கனத்து, ஆழத்துச் சேற்றின் குளிர்ந்த வாடையோடு, நிதானமாகச் சொட்டியது.

அதைப் பறிமுதல் செய்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. நியாபே போகும் வழியில் ஆறு வளைகிற இடத்தில் அந்த நாட்டு அன்னாமியப் பெண் ஒருத்தி தனியாகச் சம்பான் படகில் உட்கார்ந்து வலைக்குக் காவல் இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. இக்னாஸ் தலைக்கயிற்றைப் பிடித்ததும் அவள் பாய்ந்து வந்து மறு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது மீனுக்குப் போட்ட வலை இல்லை" என்றாள் அவள் பாஷையில். அந்தப் பாஷை இக்னாஸுக்குத் தண்ணீர்பட்ட பாடு. "என் புருஷனுக்குப் போட்டது. ஆறு நாளா ஆத்துல கிடக்கார். அவர் வந்து சேர்ற வரைக்கும் இதை எடுக்கக் கூடாது."

இருபத்தொரு வருஷத்தில் அவர் கேட்காத கதையா? ஒருத்தன் வலை காயப்போட்டது காற்றில் விழுந்துவிட்டது என்பான். ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்பாள். செத்துப்போன தாயாரை மூன்று வருஷம் தொடர்ந்து சாகடித்தவன்கூட ஒருவன் உண்டு. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்கள். புருஷனைத் தேடுகிறவளுக்கு எதற்கு இத்தனை சின்னக் கண் வலை என்று மட்டும் நினைத்தார். கேட்கக்கூடச் சலிப்பாக இருந்தது. இழுத்தார்.

கனமாக இருந்ததால் படகோட்டி முத்தலிப் உதவிக்குக் கை நீட்டினார். அந்தப் பெண் அவர் கையைப் படாரென்று தட்டிவிட்டாள்.

"நீ தொடாதே! எடுத்த கை ஒண்ணுதான், அதே கைதான் திரும்பப் போடணும். ரெண்டாவதா ஒரு கை பட்டா ஆறு அந்த ஆளை வச்சுக்கிட்டு இவரை விடும். எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்."

முத்தலிப் கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டார். காரைக்கால்காரர், ஐம்பது தாண்டியவர், இக்னாஸுக்குப் பதினாறு வருஷமாகத் துடுப்புப் போடுகிறவர். திரும்பும் வழியில்தான் வாயைத் திறந்தார்.

"வுட்டுட்டு வந்திருக்கலாம் முசியே."

"எல்லாரும் சொல்ற கதைதான் பாய்."

"கதையோ நெசமோ. மய்யித்து கெடைக்காம ஒரு பொம்பளை ஆத்துல குந்தியிருக்கிறா. எனக்கு வூட்டுல மூணு குமரு இருக்கு. அந்த வலைய நான் தொட மாட்டேன், சொல்லிட்டேன்."

"நீங்க தொட வேணாம். என் கையே போதும்" என்றார் இக்னாஸ். கடனே என்று சொன்ன வார்த்தை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

பத்தாம் நாள் அவர் இன்னொன்றைக் கவனித்தார். கொட்டகைக்குள் காற்றே இல்லை. மற்ற வலைகள் நேராகத் தொங்கின. நாற்பத்தொன்று மட்டும் கிழக்கே சாய்ந்திருந்தது. கீழ்முனையிலிருந்த ஈயக்குண்டுகள், யாரோ மெதுவாகத் தள்ளிப் பிடித்திருப்பதுபோல, ஒரு சாண் தூரம் விலகி நின்றன. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது வலை நேராக இருந்தது. மாலை நான்கு மணிக்கு மேற்கே சாய்ந்திருந்தது. இக்னாஸுக்கு அலைநேரங்கள் மனப்பாடம். காலையில் வற்றம், நடுப்பகலில் நிலைத் தண்ணீர், நான்கு மணிக்கு ஏற்றம். கரையில் தொங்கிய வலை ஆற்றின் நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று அவர் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி மார்கரித் கேட்டதற்கு, "மலேரியா திரும்ப வருது போல" என்றார். அது மலேரியாவாக இருந்தால் தேவலை என்று உண்மையாகவே நினைத்தார்.

பதினோராம் நாள் காலை வலைக்குள் ஒரு கெளுத்தி துடித்துக்கொண்டிருந்தது. உயிரோடு. தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், மீசையை ஆட்டி, வாயைப் பிளந்து. யாரோ விளையாடுகிறார்கள் என்று இக்னாஸ் தன்னைத் தேற்றிக்கொண்டார். மீனை எடுத்து வாய்க்காலில் போட்டார், கதவைப் பூட்டினார், பூட்டின் மேல் தன் கையாலேயே ஈய முத்திரை குத்தினார்.

பன்னிரண்டாம் நாள் முத்திரை அப்படியே இருந்தது. வலையில் ஒரு மூங்கில் தொப்பி சிக்கியிருந்தது, அன்னாமியச் செம்படவர்கள் போடுகிற தினுசு. அதன் கயிற்றில் பாசி.

பதின்மூன்றாம் நாள் வலை கீழே தொய்ந்து கிடந்தது. நடுவில் ஒரு கனம். உள்ளே ஒன்றும் இல்லை, கண்ணுக்கு எட்டியவரை ஈர நூல்தான். ஆனால் உத்தரம் முனகியது. இக்னாஸ் கிட்டே போனார். போகக் கூடாது என்று உடம்பு சொன்னது, இருந்தாலும் போனார். காதை வைத்துக் கேட்டார். அடியில் ஓடும் நீரின் சத்தம், கூழாங்கல் உருளும் சத்தம், அதற்கும் கீழே, யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிசப்தம்.

வலை அவர் கன்னத்தைத் தொட்டு விலகியது.

வெளியே வந்து வெயிலில் நின்றார். அவளை நம்பியிருக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு நிமிஷம் நின்று கேட்டிருந்தால் போதும், அதற்குக்கூட அலுப்பாக இருந்துவிட்டது. தன் மேலேயே வெறுப்பாக வந்தது. பறிமுதல் செய்த வலையைத் திருப்பிப் போட்டால் வேலை போகும். போகட்டும். மேஜையைத் திறந்து நாற்பத்தோராம் எண் வழக்கு அறிக்கையைக் கிழித்தார்.

முத்தலிப் வாய்க்கால் படியில் படகைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாய், அந்த வலையைக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்துடலாம்."

முத்தலிப் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். "நல்ல காரியம். ஆனா நான் துடுப்பு மட்டுந்தான் போடுவேன் முசியே."

"நீங்க அதுக்கிட்டயே வர வேணாம். சத்தியமா."

நான்கு மணி வாக்கில் கிளம்பினார்கள். வலையைச் சாக்கில் கட்டிப் படகின் முன்பக்கம் ஏற்றுவதற்குள் இக்னாஸுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஏற்றியதும் படகின் மூக்கு, ஓர் ஆள் ஏறி உட்கார்ந்ததுபோலத் தாழ்ந்தது. மழைக்காலத்து வானம் ஆற்றின் மேல் இறங்கி நின்றது. பெரிய கப்பல்களின் ஊதல் பின்னால் தேய்ந்துபோனது. இரு கரையிலும் நீர்த்தென்னைகள், அவற்றின் அடியில் கறுத்த தண்ணீர் மடக் மடக்கென்று விழுங்குகிற ஓசை. மழை பிடித்துக்கொண்டது. பின்பக்கம் நின்று துடுப்புப் போட்ட முத்தலிப் வழக்கம்போல வாய்க்குள் ஸலவாத்து ஓதிக்கொண்டே வந்தார். துடுப்பின் கிரீச்சும் அந்த முணுமுணுப்பும் மாறி மாறிக் கேட்டது இக்னாஸுக்குத் தெம்பாக இருந்தது. இந்த மனிதருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டார்.

வளைவில் அவள் இருந்தாள். அதே சம்பான். பத்தொன்பது நாளாக ஆற்றில் கிடக்கிறவனுக்காக மழையில் நனைந்தபடி. உதடு நீலம் பாரித்து, கண் குழிவிழுந்து, பாதியாகத் தேய்ந்திருந்தாள். சாக்கைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோம்மா" என்றார் இக்னாஸ். அதிகாரியாக இருந்து அவர் அந்த ஆற்றில் சொல்லாத வார்த்தை.

"எத்தனை கை பட்டுது?"

"என் கை மட்டும்."

அவள் தலையசைத்து, தன் சம்பானை அவர் பக்கமாக ஒட்டி நிறுத்தினாள்.

தலைக்கயிற்றை ஆற்றில் ஊன்றியிருந்த கம்பத்தில் கட்டிவிட்டு இக்னாஸ் வலையை இறக்க ஆரம்பித்தார். முதல் பாகம் போயிற்று. அதற்கு மேல் நகரவில்லை. படகின் விளிம்பில் எதுவோ பிடித்துக்கொண்டது. தள்ளினார். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. மழை கண்ணில் விழுந்தது. பாதி வலை தண்ணீரிலும் பாதி படகிலுமாகக் கிடக்க, நீரோட்டம் படகையே சாய்த்து இழுத்தது. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது.

இருபத்தொரு வருஷத்து அசதியெல்லாம் அந்த நேரம் பார்த்து அவர் கைகளில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"பாய்" என்றார். "ஒரே ஒரு கை. ஒரு கை போதும்."

ஓதல் நின்றது.

"முசியே, சத்தியம் பண்ணினியளே."

"கவுந்துடும் பாய். ரெண்டு பேரும் போயிடுவோம். ஒரு கை."

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எது நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. முத்தலிப் துடுப்பை விட்டுவிட்டு முன்னால் வருவதைப் பார்த்தாள். அன்று கையைத் தட்டிவிட்டவள், இன்று தட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பிஸ்மில்லாஹ்" என்று முத்தலிப் வலது கையை வைத்தார்.

வலை வழுக்கிக்கொண்டு போயிற்று. வெண்ணெய்போல. படகு நிமிர்ந்தது, லேசாக ஒரு குலுங்கு குலுங்கியது, அமைதியானது. இக்னாஸ் படகின் முன்பக்கம் குப்புறச் சாய்ந்து மூச்சு வாங்கினார். பின்னால் துடுப்பு கிரீச்சிட்டது. முத்தலிப் தன் இடத்துக்குப் போய்விட்டார், படகை நீரோட்டத்துக்கு எதிராக நிறுத்திப் பிடிக்கிறார். நல்லவேளை. ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மிதப்புக் கட்டைகள் அமுங்கின.

ஒன்று. இரண்டு. ஐந்தும்.

அந்தப் பெண் அலறிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். வந்துவிட்டார், வந்துவிட்டார் என்றாள். இக்னாஸும் சேர்ந்து இழுத்தார். இப்போது கனம் தெரிந்த கனமாக இருந்தது. ஓர் ஆள் கனம். கலங்கல் நீருக்குள் வெளுப்பாக ஒரு முதுகு எழும்பியது. நனைந்த துணி. கட்டம் போட்ட துணி. இக்னாஸின் கை தானாகவே இழுத்துக்கொண்டிருந்தது. பச்சை நிற அரைவார். இடுப்பில் சொருகிய மூக்குப்பொடி டப்பி. உடல் மெல்லப் புரண்டது. நரைத்த தாடி. திறந்த கண்கள். வலைக்கண்ணுக்குள் விரல் மாட்டிய வலது கை.

முத்தலிப்.

மழைச் சத்தம்.

பின்னால் துடுப்பு கிரீச்சிட்டது. நிதானமாக. ஒரே சீராக. ஓதல் மட்டும் இல்லை. எப்போது நின்றது? கை வைக்கும் முன்னாலேயே நின்றது. அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

கிரீச்.

ஆழத்துச் சேற்றின் வாடை அவர் பிடரியில் வந்து படிந்தது. பலகையில் சொட்டும் சத்தம். மழையைவிடக் கனமான சொட்டு. இக்னாஸ் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. எதிரே இருந்த அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் பார்த்தார்.

அவள் வலையைப் பார்க்கவில்லை. கயிற்றை நழுவவிட்டிருந்தாள். இக்னாஸின் தோளுக்கு மேலாக, படகின் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது நாள் பட்டினி முகம், விளக்கேற்றியதுபோல, மெல்ல மெல்ல மலர்ந்தது. இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"எவ்வளவு நேரம் ஆக்கிட்டீங்க" என்றாள் அவள் செல்லக் கோபத்தோடு.

துடுப்பு நின்றது. பலகையில் ஈரக் கால் ஒன்று முன்னால் வந்து பதிந்தது.